பிரிஸ்பேனில் ஒரு மாதம்: ஆற்றை விட்டு அகலாமல் ஊரைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சிட்னிக்கு நான்கைந்து நாள், மெல்போர்னுக்கு நான்கைந்து நாள் என்று ஒதுக்கிவிட்டு, கோல்டு கோஸ்ட் போகிற வழியில் ஒன்றரை நாளை பிரிஸ்பேனுக்குக் கொடுப்பார்கள். திரும்பி வந்து "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்றும் கேட்பார்கள். அவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. பிரிஸ்பேன் பார்த்துவிட்டு நகர்கிற ஊரல்ல, தங்குகிற ஊர். ஊருக்கு நடுவே பாம்பாக நெளிந்து போகும் ஒரு பழுப்பு நிற ஆறு, அதன் மேல் நாள் முழுவதும் ஓடும் படகுகள், தூண்களின் மேல் நிற்கும் மர வீடுகள், ஒரு மணி நேரத் தொலைவில் வளைகுடாவும் தீவுகளும். இவற்றை நிதானமாகத்தான் பார்க்க முடியும். ஒரு மாதம் விடுப்புக் கிடைத்தால், அதை ஐந்து ஊர்களுக்குப் பிய்த்துக் கொடுக்காமல் இந்த ஒரே ஊருக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பருவங்கள் இங்கே தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். சென்னைக்காரர்களுக்கு அது பெரிதில்லை, ஆனால் புழுக்கமும் மாலை நேர இடிமழையும் சேர்ந்துகொள்ளும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். பகலில் 22 டிகிரி, விடியற்காலையில் 10 டிகிரி, பெரும்பாலும் துல்லியமான நீல வானம். நடந்து திரிய இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆகஸ்டில் போனால் 1876 முதல் நடந்துவரும் 'எக்கா' என்கிற வேளாண் பொருட்காட்சியையும் பார்க்கலாம். பிரிஸ்பேனைத் தலைநகராகக் கொண்ட குயின்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதிகளிலிருந்து மாடு, ஆடு, குதிரைகளோடு விவசாயிகள் நகரத்துக்குள் வந்து இறங்குவார்கள்.

எனக்குப் பிடித்த காலம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை. கடலில் குளிக்கும் அளவுக்கு வெயில் வந்துவிடும். தெற்கே திரும்பிப் போகும் திமிங்கிலங்களை அப்போதும் பார்க்கலாம். அக்டோபர் பிற்பகுதியில் ஜகரண்டா மரங்கள் பூத்து ஊரே ஊதா நிறமாகிவிடும். இந்த ஊரின் முதல் ஜகரண்டாவை 1864இல் தாவரவியல் பூங்காவில் நட்டவர் அதன் கண்காணிப்பாளர் வால்டர் ஹில். இன்று நியூ ஃபார்ம் பூங்காவிலும் செயின்ட் லூசியாவில் உள்ள குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக வளாகத்திலும் புல்தரை தெரியாமல் பூ உதிர்ந்து கிடக்கும். ஜகரண்டா பூப்பதற்குள் படிக்கத் தொடங்காதவர் தேர்வில் தேற மாட்டார் என்பது அந்தப் பல்கலைக்கழக மாணவர்களிடையே பரம்பரையாக வரும் பேச்சு.

இந்த மாதங்களில் இரண்டு தொந்தரவுகள் உண்டு. செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை வருவதால் கடற்கரை ஊர்களில் அறை வாடகை ஏறும். அது இனப்பெருக்கக் காலம் என்பதால் கூடு கட்டிய மேக்பை பறவைகள் வழியே போகிறவர்களின் தலையைக் குறிவைத்துப் பாயும். எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் தொப்பியை அழுத்திக்கொண்டு மறுபக்கமாகப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: விசா, விமானம், பெட்டி

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 600 என்ற எண் கொண்ட வருகையாளர் விசா வேண்டும். ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் நீங்களே கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம். முகவர் தேவையில்லை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 601 என்ற எளிய மின்னணு அனுமதி போதும். வங்கிக் கணக்கு விவரம், அலுவலக விடுப்புக் கடிதம், ஊரில் உங்களுக்கு இருக்கும் குடும்ப, தொழில் பிணைப்புக்கான சான்று ஆகியவைதான் விண்ணப்பத்தின் உயிர். ஒரு மாதம் ஒரே ஊரில் ஏன் தங்குகிறீர்கள் என்ற கேள்வி அதிகாரிக்கு இயல்பாக எழும். நாள்வாரியாக ஒரு சிறு பயணத் திட்டத்தை எழுதி இணைத்துவிடுங்கள். இரண்டு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்தால் நிம்மதி.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போவது வசதி. சிங்கப்பூரிலிருந்து பிரிஸ்பேனுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம். பிரிஸ்பேன் நேரம் நம் நேரத்தைவிட நாலரை மணி முன்னே ஓடும். சிட்னியைப் போலக் கோடையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் குயின்ஸ்லாந்தில் இல்லை. அதனால் டிசம்பரில் காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும்.

பெட்டி கட்டும்போது கறிவேப்பிலை, விதைகள், பழங்கள், பால் பொருட்கள், தேன் எதையும் வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் தாவர, விலங்கு நோய்த்தடுப்புச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு என்று எந்த உணவுப் பொருள் இருந்தாலும் வருகை அட்டையில் 'ஆம்' என்று குறித்து அதிகாரியிடம் காட்டுங்கள். காட்டினால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்து அகப்பட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். மருந்துகளை மருத்துவர் கடிதத்தோடு, அசல் அட்டையிலேயே கொண்டு போங்கள். மூன்று மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். பயண மருத்துவக் காப்பீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நாள் மருத்துவமனை வாசம் முழுப் பயணச் செலவையும் விழுங்கிவிடும்.

மூன்றாம் படி: ஆற்றோரமாக ஒரு வீடு

ஒரு மாதம் என்றால் ஹோட்டல் அறை வேண்டாம். சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள சிறு வீட்டைத் தேடுங்கள். மாத வாடகையாகப் பேசினால் நாள் கணக்கைவிடக் குறையும். தேடும்போது என் ஒரே நிபந்தனை, படகுத்துறைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும் என்பதுதான். வெஸ்ட் எண்ட், நியூ ஃபார்ம், டெனரிஃப், புலிம்பா, டூவாங், செயின்ட் லூசியா ஆகிய பகுதிகள் இந்தக் கணக்குக்குள் வரும். குடும்பத்தோடு அமைதியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு செயின்ட் லூசியா அல்லது புலிம்பா. கடைகளும் சந்தையும் பல நாட்டுச் சாப்பாடும் வேண்டும் என்றால் வெஸ்ட் எண்ட். ஃபார்டிட்யூட் வேலி இரவு விடுதிகளின் பகுதி. வெள்ளி, சனி இரவுகளில் அங்கே தூக்கம் கிடைக்காது.

முடிந்தால் சில நாட்களாவது 'குயின்ஸ்லாண்டர்' எனப்படும் பழைய மர வீட்டில் தங்கிப் பாருங்கள். வீடு முழுவதும் தரையிலிருந்து உயர்ந்து தூண்களின் மேல் நிற்கும். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு தகரத் தொப்பி கவிழ்த்திருப்பார்கள். கரையான் ஏறினால் அந்த விளிம்பில் அதன் தடம் வெளியே தெரிந்துவிடும். மேலே நெளி தகரக் கூரை, சுற்றிலும் அகலமான தாழ்வாரம், கதவுகளுக்கு மேல் காற்று போய்வர மரத்தில் இழைத்த பூவேலை. வெள்ளமும் வெக்கையும் பழகியவர்கள் கட்டிய வீடு என்பது உள்ளே நுழைந்ததுமே புரியும். ஆனால் குளிர்காலத்தில் போகிறவர்கள் இந்த வீடுகளில் அறைச்சூடேற்றி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பலகை இடுக்கு வழியாக ஜூலை மாதக் காற்று தாராளமாக உள்ளே வரும். கோடை என்றால் குளிர்சாதனம், ஜன்னல் கொசுவலை இரண்டையும் கேளுங்கள்.

நான்காம் படி: முதல் வாரம், படகும் தெருவும்

விமான நிலையத்திலிருந்து நகருக்கு ஏர்டிரெய்ன் ரயில் உண்டு. நகர மையத்துக்கு அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதன் கட்டணம் தனி. பின்னிரவில் இறங்கினால் அது ஓடாது, டாக்சிதான். மற்றபடி தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தின் பஸ், ரயில், டிராம், படகு அனைத்துக்கும் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான். 2024 ஆகஸ்டில் சோதனையாகத் தொடங்கி 2025இல் நிரந்தரமாக்கிய ஏற்பாடு இது. ஒரு மாதம் தங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய வரப்பிரசாதம் இல்லை. 'கோ கார்டு' வாங்கலாம், அல்லது உங்கள் வங்கி அட்டையையே காட்டலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொடவைக்க மறக்கக் கூடாது. 'பிரிஸ்பேன் மெட்ரோ' என்ற பெயரைப் பார்த்துச் சுரங்க ரயிலைத் தேட வேண்டாம். அது தனிப்பாதையில் ஓடும் நீளமான மின்சார பஸ்.

தூக்கம் தெளிந்த முதல் காலையில் செயின்ட் லூசியா பல்கலைக்கழகத் துறைக்குப் போய் சிட்டி கேட் படகில் ஏறி, கடைசித் துறையான நார்த்ஷோர் ஹாமில்டன் வரை போங்கள். 1996 முதல் ஓடும் இரட்டை உடல் படகு இது. சன்னல் இருக்கையைவிட முன்தளத்தில் நிற்பது நல்லது. ஒவ்வொரு துறையிலும் பணியாளர் வடத்தை வீசித் தூணில் மாட்டி இழுக்க, படகு முனகிக்கொண்டு ஒட்டும். பாலப்பலகை விழும், பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிள்காரர்களும் நாய்க்குட்டியைத் தூக்கிய முதியவர்களும் ஏறுவார்கள், ஒரு நிமிடத்தில் வடம் கழன்றுவிடும். முதலில் மரங்களும் தோட்ட வீடுகளும் தெரியும். மில்டனைத் தாண்டியதும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும். நகரை ஒரு வளைவு சுற்றிவந்து, 1940இல் திறக்கப்பட்ட ஸ்டோரி பாலத்தின் எஃகு வலைக்கு அடியில் புகுந்து, நியூ ஃபார்மைச் சுற்றி இன்னொரு வளைவு எடுக்கும். இந்த ஒரே பயணத்தில் ஊரின் வரைபடம் மனதில் பதிந்துவிடும். காலை எட்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் இருக்கும். பத்து மணிக்கு மேல் ஏறினால் முன்தளம் உங்களுடையது.

நகர மையத்தில் வழி தவறாமல் இருக்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு திசையில் ஓடும் தெருக்களுக்கெல்லாம் அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்: ஆன், அடிலெய்ட், குயின், எலிசபெத், சார்லட், மேரி, மார்கரெட், ஆலிஸ். அவற்றைக் குறுக்கே வெட்டுபவை ஆண்கள்: வில்லியம், ஜார்ஜ், ஆல்பர்ட், எட்வர்ட். ஆலிஸ் தெருவை அடைந்துவிட்டால் எதிரே தாவரவியல் பூங்கா, அதற்கு அப்பால் ஆறு.

நடக்கும்போது விக்கம் டெரஸ் மேட்டில் இருக்கும் பழைய காற்றாலைக் கோபுரத்தைத் தவறவிடாதீர்கள். 1820களில் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. பிரிட்டிஷார் 1824இல் ரெட்கிளிஃபில் கைதிகள் குடியிருப்பை அமைத்து, மறு ஆண்டே அதை இந்த ஆற்றங்கரைக்கு மாற்றினார்கள். 1842இல்தான் மற்றவர்கள் குடியேற அனுமதி கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது துர்பல், யகரா மக்களின் நிலம். வெஸ்ட் எண்டிலும் ஸ்பிரிங் ஹில்லிலும் 'பவுண்டரி தெரு' என்று ஒரு பெயர்ப்பலகை பார்ப்பீர்கள். அந்தக் காலத்தில் மாலைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பூர்வகுடிகள் தாண்டக் கூடாது என்று வைத்த எல்லைக் கோட்டின் பெயர் அது. இன்று அந்தத் தெருவில் காபிக் கடைகளும் புத்தகக் கடைகளும் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிற எவரும் இதைத் தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஐந்தாம் படி: ஆற்றின் கோபத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஊரில் யாரிடம் பேசினாலும் பத்தாவது நிமிடம் வெள்ளத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடும். 1893 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் மூன்று வெள்ளங்கள். நகர அளவுகோலில் தண்ணீர் 8.35 மீட்டர் ஏறியது. விக்டோரியா பாலத்தின் ஒரு பாதி அடித்துக்கொண்டு போனது. 'பலூமா' என்ற பீரங்கிக் கப்பல் தாவரவியல் பூங்காவுக்குள் வந்து தரைதட்டி நின்றது. அதை எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அடுத்த வெள்ளம் வந்து அதைத் திரும்ப மிதக்கவிட்டது. ஆலிஸ் தெருப் பக்கம் பூங்காவில் நடக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

1974 ஜனவரியில் 5.45 மீட்டர். அதற்குப் பிறகுதான் குடிநீருக்கும் வெள்ளத் தடுப்புக்குமாக மேலே வைவன்ஹோ அணை கட்டப்பட்டது. அணை இருந்தும் 2011இல் 4.46 மீட்டர், 2022இல் 3.85 மீட்டர். 2011இல் நியூ ஃபார்மின் மிதக்கும் நடைபாதை ஆற்றோடு போனது. வெள்ளம் வடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் துடைப்பமுமாக முன்பின் தெரியாதவர்களின் வீடுகளைக் கழுவக் கிளம்பினார்கள். ஊர் அவர்களை 'சேற்றுப் படை' என்று இன்றும் சொல்கிறது. நடைபாதையை 2014இல் தூண்களின் மேல் உறுதியாகத் திரும்பக் கட்டினார்கள். ஒரு மாலை நியூ ஃபார்மிலிருந்து ஹோவர்ட் ஸ்மித் வார்வ்ஸ் வரை அதில் நடந்து வாருங்கள். காலடியில் ஆறு, தலைக்கு மேல் ஸ்டோரி பாலம்.

தண்ணீர் பழுப்பாக இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். வண்டலும், நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல் ஓதமும் சேர்ந்த நிறம் அது. ஆனால் இறங்கிக் குளிக்காதீர்கள். காளைச்சுறாக்கள் இந்த ஆற்றில் வெகுதூரம் மேலே வரும்.

ஆறாம் படி: தென்கரை

குளிக்க வேண்டும் என்றால் அதற்குத்தான் சவுத் பாங்க். 1988 உலகப் பொருட்காட்சி நடந்த நிலத்தை 1992இல் பூங்காவாக மாற்றி மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆற்றை ஒட்டியே வெண்மணல் கொட்டிய செயற்கைக் கடற்கரை, உயிர்காப்பாளர்களோடு, கட்டணம் இல்லாமல். பொருட்காட்சிக்காக நேபாளக் கைவினைஞர்கள் செதுக்கிய மர அமைதிக்கோயில் இன்னும் அங்கே இருக்கிறது. காகிதப்பூக் கொடி படர்ந்த வளைவுப்பந்தலின் கீழே ஒரு கிலோமீட்டர் நடக்கலாம். பூங்காவில் பொதுமக்களுக்கான மின் அடுப்புகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் சூடேறும், பணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வந்து சமைப்பார்கள். சோளமும் காளானும் பன்னீரும் வாங்கிக்கொண்டு நீங்களும் போய் அடுப்புப் பிடியுங்கள். முடிந்ததும் தகட்டைத் துடைத்துவிட்டு வருவது அங்கே மரியாதை.

பக்கத்திலேயே வரிசையாகக் குயின்ஸ்லாந்து கலைக்கூடம், 2006இல் திறந்த நவீனக் கலைக்கூடம், அருங்காட்சியகம், மாநில நூலகம். நான்குக்கும் பொது நுழைவு இலவசம். ஒரு மாதம் தங்குகிறவர் இவற்றை ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலக் கூடாது. மழை பெய்யும் பிற்பகல்களுக்கு ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். 1993 முதல் நடக்கும் ஆசிய பசிபிக் கலைக் காட்சி மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும். உங்கள் மாதத்தோடு அது பொருந்தினால் யோகம்தான்.

அங்கிருந்து கரையோரமாகவே நடந்தால் கங்காரு பாயின்ட் செங்குத்துப் பாறை. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான கல். மாலையில் விளக்கொளியில் இளைஞர்கள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருப்பார்கள். 2024 டிசம்பரில் திறந்த நடைபாலம் வழியாக அங்கிருந்து நேராகத் தாவரவியல் பூங்கா ஓரத்துக்கு வந்துவிடலாம்.

ஏழாம் படி: சமையலும் சந்தையும்

ஊர் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் அடங்கும். காபிக் கடைகள் காலை ஆறு மணிக்கே திறந்து, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடும். பொது விடுமுறைகளிலும் பல இடங்களில் ஞாயிறன்றும் விலையின் மேல் கூடுதல் கட்டணம் வரும். டிப்ஸ் கொடுக்கும் கட்டாயம் இல்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

சனிக்கிழமை காலை சந்தைக்கானது. வெஸ்ட் எண்டில் டேவிஸ் பூங்காவில் பெரிய அத்திமரங்களின் கீழே கூடும் சந்தை மனதுக்கு இதம். விலைக்கு ராக்லி மொத்தச் சந்தையின் சனிக்கிழமைக் கூட்டம். தெற்கே சன்னிபேங்கில் சீனர்களும் தைவானியர்களும், இனாலாவில் வியட்நாமியர்களும், மூருக்காவில் எத்தியோப்பியர்களும் கடை வைத்திருக்கிறார்கள். பாகற்காயும் முருங்கையும் தேடுகிறவர்கள் இனாலாவுக்குப் போகலாம். இட்லி அரிசி, உளுந்து, புளிக்கு மவுண்ட் கிராவாட், சன்னிபேங்க் பக்கத்து இந்திய, இலங்கைக் கடைகள்.

மாநிலமே மா, வாழை, கரும்பு, இஞ்சி விளையும் பூமி. கோடையில் போனால் கென்சிங்டன் பிரைடு மாம்பழத்தைக் கூடையாக வாங்குங்கள். மக்கடேமியா கொட்டை இந்த வட்டாரத்துக் காடுகளுக்கே சொந்தமானது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் 'மோர்டன் பே பக்' என்ற தட்டை உருவச் சிங்கி இறாலை வெண்ணெயில் வாட்டிச் சாப்பிடாமல் ஊர் திரும்பக் கூடாது. தேங்காய்த்துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கும் குயின்ஸ்லாந்தின் பெருமைதான். 1896 முதல் 1901 வரை இங்கே ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் அது.

எட்டாம் படி: வளைகுடாவுக்கு

மூன்றாம் வாரம் கடலுக்கு. மின்ஜெரிபா என்று அதன் குவாண்டமூக்கா மக்கள் அழைக்கும் நார்த் ஸ்ட்ராட்புரோக் தீவுக்கு முன்னுரிமை கொடுங்கள். கிளீவ்லண்ட் வரை ரயில், அங்கிருந்து துறைமுகத்துக்கு பஸ், பிறகு பயணிகள் படகில் அரை மணிக்குள் டன்விச். தீவில் பஸ் ஏறிப் பாயின்ட் லுக்அவுட் போனால், பாறை இடுக்குகளைச் சுற்றிவரும் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அரை நாள் பிடிக்கும். கீழே ஆமைகள் மூச்சு வாங்க மேலே வரும், கங்காருகள் சரிவில் மேயும். ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கிலம் தண்ணீரைப் பீச்சுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். கரையோர மரத் தழைகளின் சாறு இறங்கித் தேநீர் நிறமாகிவிட்ட பிரவுன் ஏரியையும் பாருங்கள். ஓரிரவு தங்கினால்தான் இந்தத் தீவு முழுமையாகக் கிடைக்கும்.

மோர்டன் தீவின் டங்கலூமா கரையில் வேண்டுமென்றே மூழ்கடித்த பழைய கப்பல்களின் வரிசை இருக்கிறது. முகமூடி கட்டி நீந்தத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல நாள். நீந்தாதவர்கள் ஷார்ன்கிளிஃப் மரப்பாலத்துக்கோ வின்னம் கரைக்கோ 50 சென்டில் போய் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிக்கொண்டு உட்காரலாம்.

திறந்த கடற்கரைகளில் ஒரே விதிதான். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையே மட்டும் இறங்குங்கள். கொடி இல்லையென்றால் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். நம் ஊர்க் கடல் பழகியவர்களுக்கும் அங்குள்ள இழுப்பலை புதிது. வெயிலையும் அலட்சியம் செய்யாதீர்கள். உலகிலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமாக வரும் இடங்களில் குயின்ஸ்லாந்து ஒன்று. கறுத்த தோலும் அங்கே கன்றிப்போகும். தொப்பி, முழுக்கைச் சட்டை, களிம்பு மூன்றும் வேண்டும்.

ஒன்பதாம் படி: காடு, கோலா, கிரிக்கெட்

கோல்டு கோஸ்டுக்கு ஹெலன்ஸ்வேல் வரை ரயில், அங்கிருந்து டிராம். கார் வேண்டாம். கார் வேண்டியது லாமிங்டன் தேசியப் பூங்காவுக்குத்தான். ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சுற்றுலாப் பயணிகள் ஓட்டலாம், போக்குவரத்தும் நம்மைப் போல இடப்பக்கம். உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கோண்ட்வானா மழைக்காடுகளின் பகுதி அது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் ஒரே கண்டமாக இருந்த காலத்துத் தாவரக் குடும்பங்களின் வாரிசுகளான அண்டார்டிக் பீச் மரங்கள் அங்கே பாசி மூடி நிற்கின்றன. கீழே புதரில் நீலம் பூசிய கறுப்புப் பறவை ஒன்று குச்சிகளால் பந்தல் கட்டி, அதன் வாசலில் நீலநிற இறகு, பூ, புட்டி மூடி என்று நீலமாகவே பொறுக்கி அடுக்கியிருக்கும். பெண் பறவை வந்து பார்க்க வேண்டுமே! ஓரிரவு தங்கிவிட்டு வாருங்கள்.

கோலாவுக்கு, 1927இல் தொடங்கிய லோன் பைன் சரணாலயம். நகரிலிருந்து நேரடி பஸ் உண்டு. கோலாவைக் கையில் தூக்கிப் படம் எடுக்கும் வழக்கத்தை 2024இல் நிறுத்திவிட்டார்கள். அது நல்ல முடிவு. அருகே நின்று பார்த்தாலே போதும். காட்டில் திரியும் கோலாவைப் பார்க்க டெய்சி ஹில் வனப் பூங்காவுக்குப் போய், தைல மரக் கிளைகள் பிரியும் கவைகளில் சாம்பல் நிற உருண்டை தெரிகிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள்.

ஆட்டம் ஏதாவது நடந்தால் காபா மைதானத்துக்கு ஒரு டிக்கெட் எடுங்கள். 1988க்குப் பிறகு டெஸ்ட் போட்டியில் ஆஸ்திரேலியா தோற்றதே இல்லை என்றிருந்த அந்த மண்ணில் 2021 ஜனவரி 19 அன்று இந்தியா 328 ரன்னைத் துரத்தி வென்றது. அந்த டெஸ்டில் அறிமுகமானவர்கள் இருவர், இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள்: சேலம் மாவட்டத்து நடராஜன், சென்னையின் வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட், சுந்தருக்கு 62 ரன்னும். 2032 ஒலிம்பிக் இந்த ஊரில் நடக்கிறது. அதற்குப் பிறகு இந்த மைதானத்தை இடித்துவிடும் திட்டம் இருக்கிறது. ஆகவே இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

கோயிலுக்குப் போக விரும்புகிறவர்களுக்குத் தெற்கே சவுத் மக்லீனில் ஸ்ரீ செல்வ விநாயகர் ஆலயம் இருக்கிறது. நகரிலிருந்து தூரம், கார் எடுத்த நாட்களில் ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள்.

கடைசி வாரம்

நான்காம் வாரத்தில் புதிதாக எதையும் திட்டமிடாதீர்கள். ஒரு காலை நகர மண்டபத்தின் மணிக்கூண்டில் ஏறுங்கள். 1930இல் திறந்த கட்டடம், இலவசம்தான், அருங்காட்சியக முகப்பில் நேரச்சீட்டு வாங்க வேண்டும். ஒரு மாலை கூட்-தா மலைக்கு 471 பஸ் பிடித்து, ஆற்றின் வளைவுகளையும் தூரத்து வளைகுடாவையும் ஒரே பார்வையில் பாருங்கள். முதல் நாள் படகில் கடந்தவற்றையெல்லாம் இப்போது பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியும். மற்ற நாட்களை உங்கள் துறை, உங்கள் காபிக் கடை, உங்கள் நூலக மேசை ஆகியவற்றுக்கே விட்டுவிடுங்கள்.

புறப்படுமுன் ஒரு வேலை பாக்கி. ஒரே கடையில் 300 டாலருக்கு மேல் வாங்கிய பொருட்களுக்கு, வாங்கி 60 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பினால், செலுத்திய விற்பனை வரியைத் திரும்பப் பெறலாம். ரசீதையும் பொருளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா போன்ற பொருட்களை எண்ணெய், வாசனைத் திரவியம் போலத் திரவமாக இருப்பவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். திரவப் பொருட்கள் பெட்டிக்குள் போக வேண்டும் என்பதால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அவற்றைச் சுங்க அலுவலரிடம் காட்டி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வரி திரும்பத் தரும் முகப்பு கடவுச்சீட்டுச் சோதனையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. விமானம் கிளம்ப அரை மணி நேரம் இருக்கையில் அங்கே கோரிக்கையை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். வரிசையும் நீளமாக இருக்கும், முன்கூட்டியே போய்விடுங்கள்.